கிர்கூப்ரி: ஓவியர்கள் வாழ்ந்த ஊரில் கலைக்கூடங்களைப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்காட்லாந்தின் தென்மேற்கு மூலையில் டீ என்ற ஆறு அகன்று விரிந்து சால்வே கடற்கழியில் கலக்கிறது. அந்த முகத்துவாரத்துக்குச் சற்று மேலே இருக்கும் சிறு துறைமுக ஊர் கிர்கூப்ரி. மூவாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். ரயில் இல்லை, பெரிய கடைத்தெரு இல்லை. ஆனால் 1880-களில் தொடங்கி சுமார் எழுபது ஆண்டுகள், ஸ்காட்லாந்தின் குறிப்பிடத்தக்க ஓவியர்கள் பலர் இங்கே வீடு வாங்கினார்கள், வாடகைக்கு இருந்தார்கள், கோடைதோறும் வந்து போனார்கள். ‘ஓவியர்களின் ஊர்’ என்று தன்னை விளம்பரப்படுத்திக்கொள்ளும் ஊர்கள் உலகில் நிறைய உண்டு. அந்தப் பெயருக்கு உண்மையிலேயே உரிமை உள்ள சில ஊர்களில் இது ஒன்று.

எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் இதைவிடப் பெரிய, புகழ்பெற்ற ஓவியங்கள் இருக்கின்றன. அங்கே கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கிறது. ஓவியம், அதை வரைந்தவர் வாழ்ந்த வீடு, அவர் வரைந்த தெரு, அந்தத் தெருவில் விழும் வெளிச்சம் ஆகிய நான்கும் பத்து நிமிட நடைக்குள் அடங்கிவிடுகின்றன. ஆகவே இங்கே எத்தனை கூடங்களைப் பார்த்தோம் என்பதைவிட எந்த வரிசையில் பார்த்தோம் என்பது முக்கியம். அந்த வரிசையைச் சொல்வதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

முதல் படி: நாளையும் பருவத்தையும் தேர்ந்தெடுங்கள்

ஏப்ரலிலிருந்து அக்டோபருக்குள் போங்கள். ஊரின் மிக முக்கியமான இடம், ஓவியர் ஹார்னல் வாழ்ந்த மாளிகையான பிராட்டன் ஹவுஸ். அது குளிர்காலத்தில் பார்வையாளர்களுக்கு வழக்கமாக மூடியிருக்கும். அதைப் பார்க்காமல் திரும்புவதென்றால் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சிறு கூடங்கள் வாரத்தில் சில நாட்கள் மட்டுமே திறக்கும், சில மதியத்தில்தான் திறக்கும். ஞாயிறும் திங்களும் எப்போதும் சந்தேகத்துக்குரிய நாட்கள். புறப்படுவதற்கு முந்தைய வாரம் ஒவ்வோர் இடத்தின் இணையப் பக்கத்திலும் நேரத்தைச் சரிபார்த்துவிடுங்கள்.

ஜூன் மாதத்தில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். கூடங்கள் ஐந்து மணிக்கு மூடினாலும் அதற்குப் பிறகு ஊரைப் பார்க்க இன்னும் ஐந்து மணி நேரம் கிடைக்கும். டிசம்பரிலோ நான்கு மணிக்குள் இருட்டிவிடும்.

இரண்டு காலங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். மே மாத இறுதி வங்கி விடுமுறையை ஒட்டி, டம்ஃப்ரீஸ்–காலோவே பகுதி முழுவதும் கலைஞர்கள் தங்கள் பணிக்கூடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் ‘ஸ்பிரிங் ஃப்ளிங்’ நிகழ்வு நடப்பது வழக்கம். ஜூலை முடிந்து ஆகஸ்ட் தொடங்கும் நேரத்தில் கிர்கூப்ரிக்கென்றே ஒரு கலை, கைவினைப் பாதை உண்டு. அப்போது வீட்டுக் கூடம், கார் நிறுத்தும் கொட்டகை, தோட்டம், தேவாலய மண்டபம் என்று எங்கு பார்த்தாலும் ஓவியங்கள் தொங்கும். இன்று வரைந்துகொண்டிருப்பவர்களைச் சந்திக்க விரும்பினால் அந்த நாட்களில் போங்கள். பழைய ஓவியர்களை நிதானமாகப் பார்க்க விரும்பினால் அந்த நாட்களைத் தவிருங்கள். ஒரே பயணத்தில் இரண்டையும் செய்வது கடினம், தங்கும் அறையும் கிடைக்காது.

இரண்டாம் படி: போய்ச் சேருங்கள், ஓர் இரவு தங்குங்கள்

கிர்கூப்ரிக்கு ஒரு காலத்தில் ரயில் கிளைப் பாதை இருந்தது. அது 1965-ல் மூடப்பட்டது. இப்போது வசதியான ரயில் நிலையம் டம்ஃப்ரீஸ். கிளாஸ்கோ சென்ட்ரலிலிருந்து கில்மார்னக் வழியாக வரும் ரயிலும், இங்கிலாந்து எல்லையிலுள்ள கார்லைல் நகரிலிருந்து வரும் ரயிலும் அங்கே நிற்கும். டம்ஃப்ரீஸிலிருந்து காஸில் டக்ளஸ் வழியாகப் பஸ். அந்தப் பயணம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே ஆகும். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் மிகக் குறைவு. கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்பதை ஊருக்குள் நுழைவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஊர்ப் பெயரை (Kirkcudbright) ஆங்கில எழுத்துகளின்படி உச்சரிக்க முயல வேண்டாம், ‘கிர்கூப்ரி’ என்றே டிக்கெட் கேளுங்கள்.

கார் இருந்தால் ஏ75 சாலையிலிருந்து தெற்கே திரும்ப வேண்டும். கிளாஸ்கோவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், எடின்பரோவிலிருந்து இரண்டரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். துறைமுகத்தை ஒட்டி வண்டியை நிறுத்திவிட்டு, ஊரை விட்டுக் கிளம்பும் வரை அதை மறந்துவிடலாம். எல்லாமே நடக்கும் தூரம்தான்.

காலையில் வந்து மாலையில் திரும்புவது முடியாத காரியமல்ல. ஆனாலும் ஓர் இரவு தங்குங்கள். இந்த ஊருக்கு ஓவியர்களை இழுத்தது வெளிச்சம் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த வெளிச்சம் காலை ஏழு மணிக்கும் மாலை எட்டு மணிக்கும்தான் தன் முழுத் திறமையையும் காட்டும். பகல்நேரப் பயணிகள் அந்த இரண்டையும் தவறவிடுகிறார்கள்.

இன்னொன்று, ஓதம். சால்வே கடற்கழியில் கடல் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வேறுபாடு பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஆறு மீட்டரைத் தாண்டும். நீர் ஏறியிருக்கும்போது ஆறு வெள்ளித் தகடாக வீடுகளைப் பிரதிபலிக்கும். இறங்கியபின் பழுப்பும் ஊதாவும் கலந்த சேற்று மேடுகளுக்கு நடுவே ஒரு மெல்லிய நீர்க்கோடு மட்டும் மிஞ்சும். படகுகள் துறைமுகச் சுவருக்குக் கீழே எங்கோ கிடக்கும். கூடங்களில் நீங்கள் பார்க்கப்போகும் ஓவியங்களில் இரண்டு நிலைகளும் வரும். ஓத அட்டவணையைப் பார்த்து, தங்கும் நேரத்துக்குள் இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் படி: எந்தக் கூடத்துக்குள்ளும் நுழையாமல் ஊரை ஒரு சுற்றுச் சுற்றுங்கள்

துறைமுகத்தில் தொடங்குங்கள். இது காட்சிக்காக வைத்த துறைமுகமல்ல. இன்றும் இங்கிருந்து மீன்பிடிப் படகுகள் போகின்றன, ஸ்காலப் என்ற சிப்பிவகை இறங்குகிறது. எதிரே தெரியும் கூரையில்லாத கோட்டைவீடு மக்லெல்லன் கோட்டை. சர் தாமஸ் மக்லெல்லன் என்ற பிரபு, பக்கத்திலிருந்த பிரான்சிஸ்கன் துறவியர் மடத்தின் கல்லைப் பெயர்த்து 1580 வாக்கில் கட்டியது. பெரிய மண்டபத்தின் கணப்படுப்புக்குப் பின்னால், விருந்தினர் பேசுவதை வீட்டுக்காரர் ஒட்டுக்கேட்பதற்கென்றே ஒரு சிறு அறை உண்டு. இடிபாடு என்பதால் உள்ளே அனுமதி சில காலங்களில் இருக்காது. வெளியிலிருந்து பார்த்தாலே போதும்.

அருகிலிருக்கும் போர் நினைவுச் சின்னத்தைப் பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். 1921-ல் ஜி. எச். பாலின் வடித்த வெண்கலச் சிலை. பழங்கால வீரன் ஒருவன் வாளோடு காவலிருக்க, அவனருகே ஒரு குழந்தை உறங்குகிறது. துப்பாக்கியும் சீருடையும் கொண்ட சிப்பாய்ச் சிலைகள் எல்லா ஊர்களிலும் நின்ற காலத்தில் இப்படி ஒன்றை வைக்கச் சம்மதித்த ஊர் என்றால், அங்கே கலைஞர்களின் பேச்சுக்கு மதிப்பு இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

பிறகு ஹை ஸ்ட்ரீட். பெயரைக் கேட்டுக் கடைவீதி என்று நினைக்க வேண்டாம். கடைகள் செயின்ட் மேரி ஸ்ட்ரீட்டிலும் செயின்ட் கத்பர்ட் ஸ்ட்ரீட்டிலும் இருக்கின்றன. ஹை ஸ்ட்ரீட் அமைதியான பழைய குடியிருப்புத் தெரு, நடுவில் செங்கோணமாக வளைகிறது. வெளிர் மஞ்சள், இளஞ்சிவப்பு, நீலம், சாம்பல் என்று வீட்டுக்கு வீடு நிறம் மாறும். வீடுகளுக்கு இடையே ‘க்ளோஸ்’ எனப்படும் குறுகிய சந்துகள் பின்கட்டுக்குப் போகின்றன. ஓவியர்கள் வாழ்ந்த வீடுகள் பலவற்றில் சிறு பெயர்ப்பலகை உண்டு. அவற்றைப் படித்துக்கொண்டே நடங்கள். எட்வர்ட் ஹார்னல், சார்லஸ் ஓப்பன்ஹைமர், ஜெஸ்ஸி கிங் என்று வரும் பெயர்கள் இப்போது வெறும் பெயர்களாக இருந்தாலும் பரவாயில்லை. மாலைக்குள் அவர்கள் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆகிவிடுவார்கள்.

நான்காம் படி: டோல்பூத்

ஹை ஸ்ட்ரீட்டில் கூம்புக் கோபுரத்தோடு நிற்கும் பதினேழாம் நூற்றாண்டுக் கட்டடம்தான் டோல்பூத். வரி வசூல், நகர மன்றம், சிறைச்சாலை மூன்றும் ஒன்றாக இயங்கிய இடம். வெளிப் படிக்கட்டின் மேலே 1610 என்று பொறித்த சந்தைச் சிலுவை இருக்கிறது. சூனியக்காரி என்று குற்றம் சாட்டப்பட்டு 1698-ல் கொல்லப்பட்ட எல்ஸ்பெத் மக்யூவன் அடைபட்டிருந்தது இங்கேதான். அமெரிக்கக் கடற்படையின் தந்தை என்று பின்னாளில் போற்றப்பட்ட ஜான் பால் ஜோன்ஸ், தன் கப்பலின் தச்சர் ஒருவரைச் சாட்டையால் அடித்து அவர் சாவுக்குக் காரணமானதாகக் குற்றம் சாட்டப்பட்டு, 1770-ல் சில நாட்கள் கம்பி எண்ணியதும் இங்கேதான்.

1993-ல் இது கலை மையமாக மாறியது. அனுமதி இலவசம். கண்காட்சி எதுவாக இருந்தாலும் அரை மணி நேரம் போதும். இங்கே முதலில் வரச் சொல்வதற்குக் காரணம் வேறு. இந்தக் கோபுரம் இந்த ஊர் ஓவியங்களில் திரும்பத் திரும்ப வரும். நேரில் ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு ஒவ்வொரு கித்தானிலும் ஓவியர் எங்கே நின்று வரைந்தார் என்று கண்டுபிடிக்கலாம்.

ஐந்தாம் படி: கிர்கூப்ரி கேலரிஸ்

செயின்ட் மேரி ஸ்ட்ரீட்டில் இருந்த விக்டோரியா காலத்து நகர மண்டபத்தைப் புதுப்பித்து 2018-ல் திறந்த கலைக்கூடம் இது. எட்வின் லாண்ட்சீர் வரைந்த புகழ்பெற்ற கலைமான் ஓவியம் 2017–18-ல் ஸ்காட்லாந்தைச் சுற்றி வந்தபோது, அதற்கு இடம் கொடுத்த நான்கு ஊர்களில் கிர்கூப்ரியும் ஒன்று. சிற்றூர்க் கூடமாக இருந்தும் தேசிய அளவிலான சேகரிப்புகளிலிருந்து கடன் வாங்கிக் காட்டும் தரத்தில் பாதுகாப்பும் தட்பவெப்பக் கட்டுப்பாடும் இங்கே உண்டு. மின்தூக்கியும் இருப்பதால் முதியவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் ஊரிலேயே மிக வசதியான இடம். நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் கட்டணமில்லை. சில சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும் டிக்கெட் இருக்கலாம்.

பலரும் சிறப்புக் கண்காட்சிக்கு நேராகப் போய்விட்டு, உள்ளூர் ஓவியர்களின் பகுதியைப் போகிற போக்கில் பார்ப்பார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். வெளியூரிலிருந்து கடனாக வந்தவற்றை வேறெங்காவது பார்க்க வாய்ப்பு வரும். உள்ளூர்த் தொகுப்பில் முதலில் ஒரு சுற்று, நிற்காமல் நடந்துவிடுங்கள். இரண்டாம் சுற்றில் மூன்றே மூன்று ஓவியங்களைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றின் முன்னும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். அவற்றில் ஒன்றாவது இந்த ஊரின் காட்சியாக இருக்கட்டும். அடுத்த நாள் காலை அந்த இடத்துக்கு நடந்து போகப் போகிறீர்கள்.

சுவரில் இருப்பவை அவ்வப்போது மாறும். ஆனால் சில பெயர்களைத் தேடலாம். சார்லஸ் ஓப்பன்ஹைமர் மான்செஸ்டரில் பிறந்து, 1908-ல் இங்கே வந்து, 1961-ல் இறக்கும்வரை இந்த ஊரையே வரைந்தவர். ஆறு, கூரைகள், பனி, கோட்டை. ஹார்னல் அளவுக்குப் பெயர் வாங்காதவர். என் கணக்கில் இந்த ஊரை மிகச் சரியாகப் பார்த்தவர் இவர்தான். பனி மூடிய கூரைகளில் மாலை வெயில் படும் இடத்தை அவர் வெள்ளையால் தீட்டுவதில்லை. மஞ்சளும் நீலமும் அங்கே அடுத்தடுத்து இருக்கும், கிட்டே போய்ப் பாருங்கள். ‘ஸ்காட்டிஷ் கலரிஸ்ட்’ என்று அழைக்கப்படும் நால்வரில் ஒருவரான சாமுவேல் பெப்லோ இங்கே குடியிருந்தவர் அல்லர், அடிக்கடி வந்து வரைந்தவர். பாரிஸில் கற்ற அழுத்தமான வண்ணத்தை இந்தச் சாம்பல் வானத்தின் கீழே என்ன செய்தார் என்று பார்ப்பது சுவையானது. விலங்குச் சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற ஃபில்லிஸ் போன் தன் கடைசிக் காலத்தை இங்கே கழித்தார். ராயல் ஸ்காட்டிஷ் அகாடமி 1944-ல் முழு உறுப்பினராக ஏற்றுக்கொண்ட முதல் பெண் அவர்.

ஆறாம் படி: பிராட்டன் ஹவுஸ், இரண்டு மணி நேரம்

ஹை ஸ்ட்ரீட்டின் பதினெட்டாம் நூற்றாண்டு மாளிகை இது. எட்வர்ட் அட்கின்சன் ஹார்னல் 1901-ல் வாங்கியது. இப்போது ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் பராமரிப்பில் இருக்கிறது. கட்டணம் உண்டு. அறக்கட்டளையின் உறுப்பினர்களுக்கு இலவசம்.

ஹார்னல் 1864-ல் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் கிர்கூப்ரிக்குத் திரும்பிவிட்டது. எடின்பரோவிலும் ஆண்ட்வெர்ப்பிலும் படித்துவிட்டு வந்தவர், ‘கிளாஸ்கோ பாய்ஸ்’ என்ற இளம் ஓவியர் வட்டத்தில் சேர்ந்தார். அந்த வட்டத்தின் ஜார்ஜ் ஹென்றியும் இவரும் சேர்ந்து 1890-ல் ஒரே கித்தானில் வரைந்த ‘துருயிதுகள்’ ஓவியம் கிளாஸ்கோவின் கெல்வின்குரோவ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பொன் மின்ன மலையிறங்கிவரும் பழங்காலப் பூசாரிகளின் ஊர்வலம். கிளாஸ்கோ வழியாக வருபவர்கள் அதை முதலில் பார்த்துவிட்டு வந்தால் பிராட்டன் ஹவுஸ் இரண்டு மடங்கு புரியும்.

1893-ல் இருவரும் ஜப்பானுக்குப் போனார்கள். பணஉதவி செய்தவர்களில் முக்கியமானவர் அலெக்சாண்டர் ரீட் என்ற கிளாஸ்கோ ஓவிய வணிகர். பாரிஸில் வான்கோவோடு ஒரே வீட்டில் தங்கியிருந்தவர், வான்கோ அவர் முகத்தை வரைந்துமிருக்கிறார். ஜப்பானிலிருந்து திரும்பும் வழியில், சரியாகக் காயாமல் சுருட்டிய ஹென்றியின் கித்தான்கள் பல ஒட்டிக்கொண்டு பாழாயின. ஹார்னலுடையவை தப்பின. 1895-ல் ரீட்டின் கூடத்தில் வைத்தபோது நன்றாக விற்றன. இந்த மாளிகையை வாங்கும் அளவுக்கு வசதி வந்த கதை அங்கே தொடங்குகிறது.

வீட்டுக்குள் அவசரப்படாதீர்கள். ஹார்னல் 1910 வாக்கில் கட்டடக் கலைஞர் ஜான் கெப்பியைக் கொண்டு கட்டிய காட்சிக்கூடம்தான் முதல் ஆச்சரியம். இருண்ட மரப்பலகைச் சுவர், சுவர் உச்சியில் கிரேக்கப் பார்த்தினன் கோயில் சிற்ப வரிசையின் அச்சு, மேலிருந்து இறங்கும் வெளிச்சம். பணக்கார வாடிக்கையாளர்களை உட்காரவைத்து ஓவியம் விற்பதற்காகவே அமைத்த அறை இது. அதன் பின்னால் ஓவியர் வேலை செய்த பணிக்கூடம் இருக்கிறது. நாடக அரங்கும் ஒப்பனை அறையும் அடுத்தடுத்து இருப்பதுபோல, விற்கும் அறையையும் வரையும் அறையையும் ஒரே மூச்சில் பார்க்கக் கிடைப்பது அரிது.

நூலகத்தையும் விட்டுவிடாதீர்கள். காலோவே வட்டாரம் பற்றியும் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பற்றியும் ஹார்னல் வெறியோடு நூல் சேர்த்தவர். பெஸ்ஸி மக்நிகல் 1896-ல் வரைந்த ஹார்னலின் உருவப்படமும் இந்த வீட்டின் சொத்து. கையில் வண்ணப்பலகை, பின்னணியில் ஜப்பானியச் சாயல். நாற்பது வயதை எட்டுவதற்கு முன்பே இறந்துபோன அந்தப் பெண்ணின் கைத்திறனைப் பார்க்கும்போது, இந்த வீட்டிலேயே மிகச் சிறந்த படம் வீட்டுக்காரர் வரைந்ததல்ல என்ற எண்ணம் எனக்கு வருவதுண்டு.

ஹார்னலின் ஓவியங்களைப் பற்றி ஒரு நேர்மையான எச்சரிக்கை. 1890-களின் படங்களில் வண்ணம் கனமாக, கத்தியால் அப்பியதுபோல இருக்கும். முகமும் இலையும் பூவும் ஒரே தளத்தில் பின்னிக் கிடக்கும். துணிச்சலான வேலை. பிற்காலத்தில் பூக்களுக்கு நடுவே சிறுமிகள் என்ற ஒரே கருவை மீண்டும் மீண்டும் வரைந்தார். சந்தை கேட்டது, அவர் கொடுத்தார். ஆண்டைப் பார்த்துக்கொண்டே படங்களைப் பார்த்தால் அந்தச் சரிவு உங்களுக்கே தெரியும்.

தமிழ் வாசகர்கள் இங்கே கூடுதலாக ஒன்றைக் கவனிக்கலாம். 1907-ல் ஹார்னலும் அவர் சகோதரி எலிசபெத்தும் இலங்கைக்குப் போனார்கள். அங்கே எடுத்த புகைப்படங்களையும் ஜப்பானில் வாங்கியவற்றையும் பின்னாளில் பர்மாவில் சேர்த்தவற்றையும் ஊரில் சிறுமிகளை நிற்கவைத்து எடுத்தவற்றையும் வைத்துத்தான் பல படங்களை வரைந்தார். கண்ணாடித் தகடுகளும் அச்சுப் படங்களுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இந்த வீட்டுச் சேகரிப்பில் உள்ளன. சிலவற்றையாவது காட்சிக்கு வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் அறையிலிருக்கும் தன்னார்வலரிடம் கேளுங்கள். ஒரே கைத்திருப்பம், ஒரே தலைச்சாய்வு, ஸ்காட்லாந்துச் சிறுமியிலிருந்து இலங்கைப் பெண்ணுக்கு இடம் மாறுவதைக் காணலாம். அந்தப் பெண்களின் பெயர்கள் படத்தின் தலைப்பில் வருவதில்லை. கேமராவுக்கு முன் யார் விரும்பி நின்றார்கள், யார் நிறுத்தப்பட்டார்கள் என்ற கேள்வியை இப்போது ஆய்வாளர்களும் அறக்கட்டளையும் வெளிப்படையாகவே எழுப்புகிறார்கள். அந்தக் கேள்வியோடு பார்த்தால் அழகு குறையாது. நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்பது தெளிவாகும்.

கடைசியாகத் தோட்டம். தெருவிலிருந்து பார்த்தால் இப்படி ஒரு தோட்டம் இருப்பதை ஊகிக்கவே முடியாது. நீண்டு குறுகி ஆற்றை நோக்கி இறங்குகிறது. ஜப்பானை நினைத்து அமைத்த குளமும் மிதிகற்களும், அதற்கப்பால் ஸ்காட்லாந்துக்கே உரிய பூச்செடிகளும். மழை தூறினாலும் இறங்கிப் போங்கள். 1933-ல் இறந்த ஹார்னல் இந்த வீட்டையும் சேகரிப்பையும் ஊர் மக்களுக்கென்று எழுதிவைத்தார், 1997-ல் தேசிய அறக்கட்டளை பொறுப்பேற்றது.

ஏழாம் படி: பச்சைக் கதவும் ஜெஸ்ஸி கிங்கும்

ஹை ஸ்ட்ரீட்டிலேயே, பிராட்டன் ஹவுஸிலிருந்து சில நிமிட நடையில், 46-ஆம் எண் வீடு ‘கிரீன்கேட்’, அதாவது பச்சைக் கதவு. நூல் சித்திரக்காரரும் வடிவமைப்பாளருமான ஜெஸ்ஸி எம். கிங் தன் கணவர் இ. ஏ. டெய்லரோடு வாழ்ந்த வீடு. 1902-ல் இத்தாலியின் டூரின் கண்காட்சியில் நூல் அட்டை வடிவமைப்புக்காகத் தங்கப் பதக்கம் வாங்கியவர். லண்டன் லிபர்ட்டி நிறுவனத்துக்கு நகையும் துணியும் வடிவமைத்தவர். தம்பதி பாரிஸில் ஓவியப் பள்ளி நடத்திவந்தார்கள். முதல் உலகப் போர் தொடங்கியபின் 1915-ல் இங்கே குடியேறினார்கள். மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் முறையைப் பாரிஸில் கற்று வந்து இங்கே பரப்பியவரும் அவர்தான்.

வீட்டை ஒட்டிய சந்தில் இருந்த சிறு குடில்களை வந்து தங்கும் கலைஞர்களுக்குக் கொடுத்தார். அப்படி வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கிளாஸ்கோ கலைப் பள்ளியில் படித்துவிட்டு, தனியாக ஓர் அறையும் வேலை செய்யும் சூழலும் தேடியவர்களுக்குக் குறைந்த வாடகையில் இந்தச் சந்து இடம் கொடுத்தது. ஊரின் ஓவிய வரலாற்றை ஹார்னலின் மாளிகையிலிருந்து சொல்வதுதான் வழக்கம். இந்தச் சந்திலிருந்து சொன்னால் இன்னும் சுவையான கதை கிடைக்கும்.

இது தனியார் வீடு. வெளியில் நின்று பாருங்கள், கதவைத் தட்ட வேண்டாம், சன்னலுக்குள் கேமராவை நீட்ட வேண்டாம். ஹை ஸ்ட்ரீட்டின் எல்லா வீடுகளுக்கும் இது பொருந்தும்.

கிங்கின் வேலைகளைப் பார்க்க ஸ்டீவர்ட்ரி அருங்காட்சியகத்துக்குப் போங்கள். செயின்ட் மேரி ஸ்ட்ரீட்டில் 1893-லிருந்து இயங்கும், அனுமதி இலவசமான, பழைய பாணிக் கண்ணாடிப் பெட்டிகள் நிறைந்த கூடம். அடைத்த பறவைகள், வேளாண் கருவிகள், நாணயங்கள் எல்லாவற்றுக்கும் நடுவே அவர் தீட்டிய பீங்கான் கிண்ணங்களும் சித்திரங்களும் வரும். 1587-ஐச் சேர்ந்த சிறிய வெள்ளித் துப்பாக்கி ஒன்றும் இங்கே உண்டு. துப்பாக்கி சுடும் போட்டிக்காக மன்னர் ஆறாம் ஜேம்ஸ் கொடுத்த பரிசு. நேரம் குறைவென்றால் இந்த இரண்டையும் மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

எட்டாம் படி: இன்று வரைகிறவர்கள்

துறைமுகத்தையொட்டிய ஹார்பர் காட்டேஜ் கேலரி வெள்ளையடித்த பழைய மீனவர் குடில் போன்ற கட்டடம். 1950-களில் இடிக்கப்பட இருந்ததை ஊர்க்காரர்கள் காப்பாற்றிக் கலைக்கூடம் ஆக்கினார்கள். கண்காட்சிகள் அடிக்கடி மாறும், தரமும் ஏறி இறங்கும். அதுதான் அதன் இயல்பு. ஹை ஸ்ட்ரீட்டின் கேனன்வால்ஸ் கட்டடத்தில் கலைஞர்களுக்கான பணிக்கூடங்கள் இருக்கின்றன. செயின்ட் மேரி ஸ்ட்ரீட்டிலும் சுற்றுப்புறத்திலும் தனியார் கூடங்கள் பல உண்டு.

இவற்றில் நுழைவதற்குத் தயங்குகிறவர்கள் பலர். வாங்காவிட்டால் தவறாக நினைப்பார்களோ என்ற கூச்சம். தேவையில்லை. உள்ளே போய் ஒரு வணக்கம், ‘பார்த்துக்கொண்டு போகிறேன்’ என்று ஒரு சொல், போதும். பணிக்கூடத்தில் கலைஞர் இருந்தால், ‘இதை வரைய எவ்வளவு நாள் ஆயிற்று’ என்று கேட்காதீர்கள். எல்லோரும் கேட்பது அது. ‘இது எந்த இடத்திலிருந்து பார்த்தது’ என்று கேளுங்கள். வரைபடத்தைக் காட்டி, எந்த ஓதத்தில், எந்த நேரத்தில் அங்கே போக வேண்டும் என்று அவரே சொல்லக்கூடும். புகைப்படம் எடுப்பதற்கு முன் அனுமதி கேளுங்கள். அருங்காட்சியகங்களில் ஃபிளாஷ் கூடாது. கடனாக வந்த ஓவியங்களைப் படமெடுக்கவே அனுமதி இல்லாமல் இருக்கலாம்.

வாங்குவதாக இருந்தால் சில விஷயங்கள். விலைச்சீட்டில் சிவப்புப் புள்ளி இருந்தால் விற்றுவிட்டது என்று பொருள். அச்சோவியங்களின் கீழே பென்சிலால் 12/50 என்று எழுதியிருந்தால், ஐம்பது பிரதிகளில் அது பன்னிரண்டாவது. பெரிய கூடங்களில் ஐம்பது, நூறு பவுண்டுக்குச் சிறிய அச்சோவியமோ மட்பாண்டமோ கிடைத்தால் அது நல்ல கொள்முதல். நகல் சுவரொட்டியைவிட எவ்வளவோ மேல். பிரிட்டனில் வசிப்பவர்களுக்கு வட்டியில்லாத தவணையில் ஓவியம் வாங்க ‘ஓன் ஆர்ட்’ என்ற திட்டம் சில கூடங்களில் உண்டு. வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்தில் வாட் வரியைத் திரும்பப் பெறும் வசதி 2021-லிருந்து இங்கே இல்லை. கூடமே நேரடியாக உங்கள் நாட்டு முகவரிக்கு அனுப்பினால் அந்த வரி கழியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விமானத்தில் எடுத்துப்போவதென்றால் கண்ணாடிச் சட்டகம் இல்லாமல் வாங்குங்கள்.

ஒன்பதாம் படி: ஓவியத்தை இடத்தோடு பொருத்துங்கள்

இரண்டாம் நாள் காலை. முந்தைய நாள் தேர்ந்தெடுத்த ஓவியத்தின் அஞ்சலட்டை கிடைத்தால் கையில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நினைவு போதும். டீ ஆற்றுப் பாலத்தைக் கடந்து எதிர்க்கரைக்குப் போய்த் திரும்பிப் பாருங்கள். கோட்டை, டோல்பூத் கோபுரம், கூரைகள், துறைமுகச் சுவர் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். ஓவியர்கள் எவற்றை நகர்த்தினார்கள், எதை உயரமாக்கினார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்பது இங்கே நின்றால்தான் தெரியும். கோபுரத்தைக் கொஞ்சம் தள்ளி வைப்பது அவர்களுக்குள் சாதாரணம்.

தென்மேற்கிலிருந்து வரும் மேகக்கூட்டம் இங்கே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளிச்சத்தை மாற்றும். ஒரே இடத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். வெயில் வந்து போவதற்குள் ஈரச்சேறு ஒருமுறை ஊதாவாகவும் ஒருமுறை வெண்கலமாகவும் மாறுவதைப் பார்த்தபின், ஓப்பன்ஹைமர் ஐம்பது ஆண்டுகளாக ஏன் வேறு ஊருக்கு மாறவில்லை என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. மழைச் சட்டை கட்டாயம். குடை இந்தக் காற்றில் உதவாது.

குழந்தைகளோடு போகிறவர்கள் கூடங்களை இரண்டாகக் குறைத்துக்கொள்ளுங்கள். பிராட்டன் ஹவுஸ் தோட்டமும் ஸ்டீவர்ட்ரி அருங்காட்சியகமும் அவர்களுக்குப் போதும். டோல்பூத் கோபுரம் எத்தனை ஓவியங்களில் வருகிறது என்று எண்ணச் சொன்னால், பெரியவர்கள் கவனிக்காததையும் அவர்கள் கண்டுபிடிப்பார்கள்.

சாப்பாட்டில் சைவர்களுக்குப் பெரிய தேர்வு இராது. சூப்பும் ரொட்டியும் சீஸும் எங்கும் கிடைக்கும். காரம் வேண்டுமென்றால் கையோடு கொண்டுபோவது நல்லது. மீன் சாப்பிடுகிறவர்கள் இங்கே இறங்கும் ஸ்காலப்பை ஒருமுறை ருசித்துப் பாருங்கள். உணவகங்களின் சமையலறை இரவு எட்டு, எட்டரைக்கே மூடிவிடும். ஜூன் மாத வெளிச்சத்தை நம்பி ஒன்பதரைக்குப் போய்க் கதவைத் தட்டினால் பட்டினிதான்.

இன்னும் அரை நாள் மிச்சமிருந்தால் வடமேற்கே கேட்ஹவுஸ் ஆஃப் ஃப்ளீட் பக்கம் போகலாம். கிர்கூப்ரியில் ஓவியர்கள் குவிவதற்கு ஒரு தலைமுறை முன்பே, ஜான் ஃபேட், தாமஸ் ஃபேட் என்ற சகோதர ஓவியர்கள் அங்கே ஒரு மாவு ஆலைக் குடும்பத்தில் பிறந்து லண்டன், எடின்பரோ வரை பெயர் வாங்கினார்கள். பஸ்ஸில் போவதானால் திரும்பும் வண்டியின் நேரத்தையும் சேர்த்துக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.